மெமரி பேரியருக்கு ஜோடி எங்கே?

"இங்கே ஒரு பேரியர் போட்டிருக்கிறேன், இனிமேல் கேஷ் ஃப்ளஷ் ஆகி அடுத்த கோருக்குப் புது மதிப்பு தெரிந்துவிடும்." பல த்ரெட்கள் ஓடும் நிரலை எழுதுகிறவர்களிடம் இந்த விளக்கத்தை அடிக்கடி கேட்கிறேன். பேரியர் என்பது தனக்கு முன்னும் பின்னும் உள்ள மெமரிச் செயல்கள் இடம் மாறாமல் தடுக்கும் கட்டளை, கேஷ் என்பது ப்ராசஸரின் ஒவ்வொரு கோரும் பக்கத்திலேயே வைத்திருக்கும் சின்ன வேக மெமரி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரியர் கேஷை ஃப்ளஷ் செய்வதில்லை, கேஷும் பழைய மதிப்பை ஒளித்து வைத்துக்கொண்டு யாரையும் ஏமாற்றுவதில்லை, ஒரு பக்கம் மட்டும் போட்ட பேரியரால் அடுத்த கோருக்கு எந்த உத்தரவாதமும் கிடைப்பதும் இல்லை. மூன்றாவதுதான் முக்கியம், இந்தப் பதிவு பெரும்பாலும் அதைப் பற்றியது. அதற்கு முன் கேஷ் விஷயத்தைத் தீர்த்துவிடலாம்.

போன், லேப்டாப், சர்வர் எதை எடுத்தாலும் அதிலுள்ள கோர்களின் கேஷ்களை ஒத்துப்போக வைக்கும் வேலையை ஹார்டுவேரே பார்த்துக்கொள்கிறது. யாரிடம் உள்ள நகல் செல்லும் என்று கோர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மெஸி அல்லது அதன் உறவுக்கார புரோட்டோகால் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கோர் ஒரு கேஷ் லைனில் (கேஷ் ஒரே துண்டாகக் கையாளும் மெமரி, பெரும்பாலும் 64 பைட்) எழுத வேண்டும் என்றால் முதலில் அந்த லைனைத் தனக்கே தனக்கு என்று வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றக் கோர்களிடம் உள்ள நகல்கள் செல்லாதவை ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு முகவரியை மட்டும் பார்த்தால், அதில் எந்த மதிப்பு முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதில் எல்லாக் கோர்களும் ஒரே கதையைத்தான் சொல்லும். கேஷ் கோஹெரன்ஸ் தருவது இவ்வளவுதான், அதை ஒழுங்காகவே தருகிறது. இரண்டு முகவரிகள் வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

த்ரெட் 1:
தரவு = 42
தயார் = 1

த்ரெட் 2:
தயார் 1 ஆகும் வரை சுற்று
தரவைப் படி

இரண்டும் 0-வில் தொடங்குகின்றன. த்ரெட் 2-க்கு 42-தான் கிடைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த எதிர்பார்ப்பை 1979-ல் லெஸ்லி லாம்போர்ட் துல்லியமாக எழுதி வைத்தார்: எல்லா ப்ராசஸர்களின் செயல்களையும் ஏதோ ஒரு ஒற்றை வரிசையில் கோத்துவிட முடிய வேண்டும், அந்த வரிசைக்குள் ஒவ்வொரு ப்ராசஸரின் செயல்களும் அதனதன் நிரலில் இருக்கும் ஒழுங்கிலேயே வர வேண்டும். சீக்குவென்ஷியல் கன்சிஸ்டன்சி என்று அதற்குப் பெயர். கோடைப் படிக்கும்போது நாம் எல்லோரும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது இதைத்தான். ஆனால் இன்று பரவலாகப் புழங்கும் எந்த ப்ராசஸரும் சாதாரண லோடு (மெமரியிலிருந்து படிப்பது), ஸ்டோருக்கு (மெமரியில் எழுதுவது) இதை உறுதி செய்வதில்லை. கம்பைலரும் செய்வதில்லை.

முதல் குற்றவாளி கம்பைலர்தான், ஏனோ பலரும் ஹார்டுவேரைத் திட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். மேலே உள்ள கோடில் "தயார்" சாதாரண வேரியபிளாக இருந்தால், அந்தச் சுற்றுக்குள் யாரும் அதை மாற்றவில்லை என்று கம்பைலர் பார்க்கும், ஒரே ஒரு முறை படித்து ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்ளும், 0 என்றால் முடிவில்லாமல் சுற்றும். த்ரெட் 1-ல் இரண்டு ஸ்டோர்களுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லை என்பதால் அவற்றை மாற்றிப் போடவும் அதற்கு உரிமை உண்டு. ஒற்றை த்ரெட்டின் விடை மாறாத வரை அது எதையும் நகர்த்தலாம், அதற்குத்தான் நாம் ஆப்டிமைசேஷனைக் கேட்டு வாங்குகிறோம். த்ரெட்டை ஒரு லைப்ரரியாக மட்டும் மொழிக்கு வெளியே ஒட்டவைத்தால் போதாது, மொழியே த்ரெட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஹான்ஸ் போம் 2005-ல் எடுத்துக்காட்டுகளோடு வாதிட்டதன் காரணமும் இதுதான்.

சரி, "வாலட்டைல்" போடலாமே? சி மொழியின் வாலட்டைல் என்பது, இந்த லோடை அல்லது ஸ்டோரைத் தூக்கி எறியாதே, மற்ற வாலட்டைல்களோடு இடம் மாற்றாதே என்று கம்பைலரிடம் சொல்வது மட்டுமே. பக்கத்தில் இருக்கும் சாதாரண ஸ்டோரை அதைத் தாண்டி நகர்த்தத் தடை இல்லை. ப்ராசஸருக்கோ அது எதையும் சொல்வதில்லை. ஜாவாவின் வாலட்டைல் முற்றிலும் வேறு ஜாதி, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது ஹார்டுவேர். ஒரு ஸ்டோர் கேஷுக்குள் போய்ச் சேர, அந்த லைனின் உரிமை கைக்கு வர வேண்டும். வேறு கோரிடமோ மெயின் மெமரியிலோ அது இருந்தால் நூறு நானோசெகண்ட் வரை ஆகலாம், மூன்று கிகாஹெர்ட்ஸில் அது முந்நூறு சைக்கிள். அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எந்தக் கோரும் தயாரில்லை. அதனால் எழுத வேண்டியதை ஸ்டோர் பஃபர் என்ற சின்ன வரிசையில் போட்டுவிட்டு அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷனுக்குப் போய்விடும். இன்டெலின் ஸ்கைலேக்கில் அந்த வரிசையில் 56 இடங்கள். கடிதத்தை எழுதி மேசை ஓரத் தட்டில் போட்டுவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குவது மாதிரி: எழுதியவருக்கு அது முடிந்த காரியம், ஊருக்கு இன்னும் தெரியாது. தன் ஸ்டோரைத் தானே திரும்பப் படித்தால் பஃபரிலிருந்தே எடுத்துக் கொடுக்கும், அதனால் அந்தக் கோருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும். எப்படி என்றால்:

த்ரெட் 1:
அ = 1
ஆ-வைப் படி

த்ரெட் 2:
ஆ = 1
அ-வைப் படி

இரண்டு லோடுகளும் 0 தர முடியுமா? ஒற்றை வரிசையில் எப்படிக் கோத்துப் பார்த்தாலும் முடியாது, யாராவது ஒருவர் முதலில் எழுதியாக வேண்டும், இன்னொருவர் அதைப் பார்த்தாக வேண்டும். ஆனால் இரண்டு ஸ்டோர்களும் அவரவர் பஃபரில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு லோடுகளும் கேஷிலிருந்து 0-வைப் படித்துக்கொண்டு போய்விடலாம். இது ஏதோ வினோதமான ப்ராசஸரில் மட்டும் நடப்பதில்லை. "ஒழுங்கான பிள்ளை" என்று பெயரெடுத்த எக்ஸ்86-லேயே (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களின் வகை) நடக்கும், சோதனைக் கோடு எழுதி ஓட்டினால் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடுவதற்காகப் பாடப்புத்தகத்தில் வரும் டெக்கர், பீட்டர்சன் அல்காரிதங்கள் இரண்டும் நம்பியிருப்பது இந்த அமைப்பைத்தான், அதனால் அவற்றை அப்படியே டைப் செய்து ஓட்டினால் இரண்டு த்ரெட்களும் ஒரே நேரத்தில் கிரிட்டிகல் செக்‌ஷனுக்குள் புகுந்துவிடலாம்.

எக்ஸ்86 அனுமதிக்கும் இடமாற்றம் இது ஒன்றே ஒன்றுதான் (சாதாரண மெமரிக்கு): முந்தைய ஸ்டோரைத் தாண்டி வேறு முகவரியின் லோடு முன்னால் போகலாம். ஸ்டோரும் ஸ்டோரும் வரிசையாகவே வெளியே போகும், லோடும் லோடும் வரிசையாகவே நடந்ததுபோல் தெரியும். "தெரியும்" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே லோடுகளை முன்னுக்குப் பின்னாகத்தான் ஓட்டுகிறது. ஆனால் முன்கூட்டிப் படித்த லைனை வேறு கோர் இடையில் கேட்டு வாங்கிவிட்டால், செய்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி படிக்கும். ப்ராசஸருக்குள் நடப்பதை எண்ணும் பெர்ஃப் கவுண்டர்களில் இதற்கென்றே ஓர் எண்ணிக்கை இருக்கிறது. ஆர்ம் (போன்களில் இருப்பது), பவர் (ஐபிஎம்முடையது), ரிஸ்க்-ஃபைவ் ஆகிய மற்ற ப்ராசஸர் வகைகள் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுப்பதில்லை. அவற்றில் லோடு-லோடு, லோடு-ஸ்டோர், ஸ்டோர்-ஸ்டோர் எல்லாமே மாறலாம்.

எக்ஸ்86-ன் விதி இவ்வளவு எளிது என்பதே ரொம்ப நாள் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பது தனிக்கதை. ஸ்பின்லாக்கை (கிடைக்கும் வரை த்ரெட் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) விடுவிக்கச் சாதாரண மூவ் இன்ஸ்ட்ரக்‌ஷன் போதுமா, செயலைப் பிரிக்க முடியாததாக்கும் லாக் முன்னொட்டு வேண்டுமா என்று 1999-ல் லினக்ஸ் கெர்னல் ஆட்களிடையே பெரிய விவாதம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே முதலில் சாதாரண மூவ் வேலை செய்யாது என்று அடித்துச் சொன்னார், இன்டெல் பக்கத்திலிருந்து விவரம் தெரிந்த ஒருவர் வந்து விளக்கிய பிறகே போதும் என்று முடிவானது. பிறகு பீட்டர் சூவல் குழுவினர் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து, தயாரிப்பாளர்களின் கையேடுகளில் இருந்த குழப்பங்களைத் தோண்டி எடுத்து, எக்ஸ்86-டிஎஸ்ஓ என்று சுத்தமான கணித மாதிரி ஒன்றை எழுதினார்கள். ஆளுக்கொரு ஸ்டோர் பஃபர், நடுவில் ஒரு பொதுவான மெமரி, ஒரு லாக், அவ்வளவுதான் அந்த மாதிரி. ஹார்டுவேர் விற்பவர்கள் எழுத வேண்டியதை வெளியாள் எழுத வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இனி ஜோடி விஷயம். முதல் எடுத்துக்காட்டுக்கே திரும்பலாம், ஆர்ம் மெஷினில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். த்ரெட் 1-ல் இரண்டு ஸ்டோர்களுக்கு நடுவில் ஒரு ரைட் பேரியர் (ஸ்டோர்களின் ஒழுங்கை மட்டும் காப்பது) போட்டாயிற்று. இப்போது "தரவு" முன்னால், "தயார்" பின்னால் என்ற ஒழுங்கில்தான் வெளியே போகும். போதுமா? போதாது. த்ரெட் 2 அந்தச் சுற்றின் முடிவை ஊகித்து, "தயார்" வருவதற்கு முன்பே "தரவு" லோடை நடத்தி 0-வை வாங்கி வைத்திருக்கலாம். பிறகு "தயார்" 1 என்று வந்ததும், ஊகம் சரிதான் என்று அந்தப் பழைய 0-வையே கொடுத்துவிடும். எழுதுகிறவர் எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும், படிக்கிறவர் தலைகீழாகப் படித்தால் பார்ப்பது தலைகீழாகத்தான் இருக்கும். மறுபக்கமும் அப்படியே: த்ரெட் 2-ல் மட்டும் பேரியர் போட்டு த்ரெட் 1-ல் விட்டுவிட்டால், ஒழுங்காகப் படித்தும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் ஸ்டோர்களே மாறிப் போயிருக்கலாம்.

அதனால்தான் யாராவது "இங்கே பேரியர் போட்டிருக்கிறேன்" என்று காட்டினால் நான் முதலில் கேட்பது, இதன் ஜோடி எங்கே என்றுதான். எந்த ஃபைலில், எந்த ஃபங்ஷனில், எந்த இரண்டு வேரியபிள்களுக்காக? இதற்குப் பதில் இல்லாத பேரியர் ஒரு நம்பிக்கைச் சடங்கு. சில சமயம் அது பக்கைத் தீர்த்தும்விடும், டைமிங் கொஞ்சம் மாறியதால். அதுதான் இன்னும் மோசம், ஏனென்றால் இனிமேல் அதை எடுக்க யாருக்கும் தைரியம் வராது. லினக்ஸ் கெர்னலின் ஆவணங்கள் பேரியர்களுக்கு ஜோடி வேண்டும் என்று தனிப் பகுதியே எழுதி வைத்திருக்கின்றன, பேட்ச்களைச் சோதிக்கும் ஸ்கிரிப்டும் கமெண்ட் இல்லாத பேரியரைப் பார்த்தால் புகார் சொல்லும். அந்தக் கமெண்டில் "ஒழுங்குக்காக" என்று எழுதுவது கமெண்டே எழுதாததற்குச் சமம்.

அக்வயர், ரிலீஸ் என்ற பெயர்கள் எனக்குப் பிடித்ததும் இதனால்தான், ஜோடி என்பது பெயரிலேயே இருக்கிறது. ரிலீஸ் ஸ்டோர் என்றால் அதற்கு முன்னால் உள்ள எதுவும் அதற்குப் பின்னால் நழுவக் கூடாது. அக்வயர் லோடு என்றால் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் அதற்கு முன்னால் ஏறக் கூடாது. ரிலீஸ் எழுதிய மதிப்பை அக்வயர் படித்துவிட்டால், ரிலீஸுக்கு முன் நடந்ததெல்லாம் அக்வயருக்குப் பின் வருபவருக்குத் தெரியும். கவனிக்க வேண்டிய சொல் "படித்துவிட்டால்". படிக்காவிட்டால் எந்த வாக்குறுதியும் கிடையாது, எவ்வளவு நேரத்தில் படிக்கும் என்றும் கிடையாது. பேரியர் எதையும் வேகமாக்குவதில்லை, புது மதிப்பை மற்றவரிடம் தள்ளிவிடுவதும் இல்லை. இன்னதைப் பார்த்துவிட்டாய் என்றால் இன்னதையும் பார்த்தே தீருவாய், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

எக்ஸ்86-ல் அக்வயர் லோடும் ரிலீஸ் ஸ்டோரும் சாதாரண மூவ்தான், ஹார்டுவேர் செலவு பூஜ்யம், கம்பைலருக்கு மட்டும் கட்டுப்பாடு. 64-பிட் ஆர்மில் இதற்கென்றே எல்டிஏஆர், எஸ்டிஎல்ஆர் என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் உண்டு. பழைய 32-பிட் ஆர்மில் டிஎம்பி என்ற முழு பேரியரை (லோடு, ஸ்டோர் எதையும் தாண்ட விடாதது) வைத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது இன்னொன்று: எக்ஸ்86 கோடில் ரீட் பேரியர் என்று எல்ஃபென்ஸையும், ரைட் பேரியர் என்று எஸ்ஃபென்ஸையும் தூவி வைத்திருப்பதை இன்னும் பார்க்க முடிகிறது. சாதாரண மெமரிக்கு இரண்டும் தேவையில்லை. எஸ்ஃபென்ஸுக்கு வேலை, கேஷைச் சுற்றிக்கொண்டு போகும் நான்-டெம்போரல் ஸ்டோர்களில். எல்ஃபென்ஸ் 2018-ல் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபிறகு ப்ராசஸரின் ஊகத்தை நிறுத்தப் பயன்பட்டுப் புதுவாழ்வு பெற்றது. இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் எம்ஃபென்ஸ் (எக்ஸ்86-ன் முழு பேரியர்) ஆகாது, எக்ஸ்86-ல் உண்மையிலேயே தடுக்க வேண்டிய ஸ்டோர்-லோடு இடமாற்றத்தை அவை தடுப்பதில்லை.

அந்த ஸ்டோர்-லோடு இடமாற்றம்தான் நடைமுறையில் நிறையப் பேரைக் கடிக்கிறது, ஏனென்றால் அக்வயர்-ரிலீஸ் போட்டுவிட்டேன், எல்லாம் சரி என்ற நிம்மதியில் இருக்கும்போது வருகிறது. டெக்கர் அல்காரிதத்தை இன்று யாரும் நேரடியாக எழுதுவதில்லை, ஆனால் அதே வடிவம் வேறு உடையில் வரும். தூங்கும் த்ரெட்டை எழுப்புவது அதில் முக்கியமானது:

தூங்கப் போகிறவர்:
தூக்கம் = 1
வேலை இருக்கிறதா என்று பார்
இல்லையென்றால் தூங்கு

எழுப்புகிறவர்:
வேலை = 1
தூக்கம் 1 ஆக இருக்கிறதா என்று பார்
ஆமென்றால் எழுப்பு

நன்றாகப் பாருங்கள், இது மேலே வந்த அ, ஆ எடுத்துக்காட்டேதான். இரண்டு பேரும் தன்னுடையதை எழுதிவிட்டு அடுத்தவருடையதைப் படிக்கிறார்கள். இரண்டு லோடுகளும் 0 தந்தால், ஒருவர் வேலை இல்லை என்று தூங்கிவிடுவார், இன்னொருவர் யாரும் தூங்கவில்லை என்று எழுப்பாமல் போய்விடுவார். வேலை வரிசையில் அப்படியே கிடக்கும், அடுத்த வேலை வந்து யாராவது எழுப்பும் வரை, அல்லது டைம்அவுட் ஆகும் வரை. இங்கே ஸ்டோர்களை ரிலீஸாகவும் லோடுகளை அக்வயராகவும் மாற்றினால் தீராது. ரிலீஸ் தனக்கு முன்னால் உள்ளதைத்தான் பிடித்து வைக்கும், அக்வயர் தனக்குப் பின்னால் உள்ளதைத்தான். ஸ்டோருக்குப் பின் வரும் லோடு முன்னால் ஏறுவதை இரண்டுமே தடுக்கவில்லை. இரண்டு பக்கமும் முழு பேரியர் வேண்டும், அல்லது நான்கு செயல்களும் சீக்குவென்ஷியல் அட்டாமிக்காக (ஒற்றை வரிசைக்குக் கட்டுப்பட்ட, பிரிக்க முடியாத செயலாக) இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் இங்கேயும் பயனில்லை.

இந்த பக் மாட்டுவது அரிது என்பதுதான் இதன் கொடுமை. இரண்டு த்ரெட்களும் ஒரே சில நானோசெகண்ட் இடைவெளியில் எதிரெதிரே வர வேண்டும். டெவலப்பர் மெஷினில் வேலைப்பளு குறைவு, வராது. சர்வரில் நாள் முழுவதும் கோடிக்கணக்கான முறை எழுப்பினால் எப்போதாவது ஒன்று தொங்கும், டீபக்கரை மாட்டிப் பார்த்தால் எல்லா வேரியபிளும் சரியான மதிப்பில் இருக்கும்: வேலை 1, தூக்கம் 1, ஆனால் யாரும் எழுப்பவில்லை. அப்போதைய ஸ்டோர் பஃபரின் நிலை எந்த லாகிலும் இருக்காது. போதாக்குறைக்கு, லாகிங் வரி ஒன்று சேர்த்தால் அதற்குள் இருக்கும் லாக் ஒரு பேரியராக வேலை செய்து பக்கையே மறைத்துவிடும். லினக்ஸ் கெர்னலில் தூங்கப் போகும் டாஸ்க் தன் நிலையை எழுதும் மேக்ரோவுக்குள்ளேயே முழு பேரியரைப் புதைத்து வைத்திருக்கிறார்கள், எழுப்பும் பாதையிலும் அதன் ஜோடி இருக்கிறது. டிரைவர் எழுதுகிறவர் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்பவில்லை, சரியான முடிவு.

முழு பேரியருக்கு விலை உண்டு, ஸ்டோர் பஃபர் காலியாகும் வரை அடுத்த லோடுகள் காத்திருக்க வேண்டும். எக்ஸ்86-ல் எம்ஃபென்ஸைவிட, ஸ்டாக்கில் ஏதோ ஓர் இடத்தில் 0-வைக் கூட்டும் லாக் ஆட் இன்ஸ்ட்ரக்‌ஷன் வேகமாக இருப்பதால் லினக்ஸ் கெர்னல் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறது. பார்க்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் அளந்து பார்த்து எடுத்த முடிவு.

லாக் போட்டால் இந்தக் கவலையே இல்லை என்பது பெரும்பாலும் உண்மை, பெரும்பாலான கோடுக்கு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் லாக்) போதும், அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் "லாக் எடுத்துவிட்டு விட்டால் நடுவில் ஒரு முழு பேரியர் கிடைத்துவிடும்" என்ற நம்பிக்கை தப்பு. லாக் எடுப்பது அக்வயர், விடுவது ரிலீஸ். உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரலாம். லாக்குக்கு முன்னால் ஒரு ஸ்டோர், அன்லாக்குக்குப் பின்னால் இன்னொன்று இருந்தால், இரண்டும் உள்ளே நுழைந்து அங்கேயே ஒன்றையொன்று தாண்டிக்கொள்ள விதிகள் இடம் கொடுக்கின்றன.

ஆல்ஃபாவைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் இந்தத் தலைப்புக்கே அவமரியாதை. 1992-ல் வந்த டெக் ஆல்ஃபாவில், ஒரு பாய்ண்டரை (தரவு இருக்கும் இடத்தின் முகவரியை) படித்து அதன் வழியாகப் போய்த் தரவைப் படித்தால்கூடப் பழைய தரவு கிடைக்கலாம், எழுதியவர் ஒழுங்காக ரைட் பேரியர் போட்டிருந்தாலும். முகவரி தெரியாமல் எப்படிப் படிக்கும் என்று தலை சுற்றும். சில ஆல்ஃபாக்களில் கேஷ் இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். பாய்ண்டர் இருக்கும் பகுதி சும்மா இருக்க, தரவு இருக்கும் பகுதி வேலையில் மூழ்கியிருந்தால், அந்த லைன் செல்லாது என்ற செய்தி அங்கே இன்னும் வரிசையில் நிற்கும். புது பாய்ண்டர், பழைய தரவு. இந்த ஒரே ஒரு ப்ராசஸருக்காக லினக்ஸ் முழுவதும் தனி பேரியர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். கெர்னலின் 4.15 பதிப்பில் அதைச் சாதாரண ரீட் மேக்ரோவுக்குள்ளேயே ஆல்ஃபாவுக்கு மட்டும் சேர்த்துவிட்டு மற்றவர்களை விடுவித்தார்கள். மற்ற ப்ராசஸர்கள் எல்லாமே பாய்ண்டருக்குப் பிறகுதான் அதன் தரவு என்ற இந்தச் சார்பு ஒழுங்கை மதிக்கின்றன, லாக் எடுக்காமல் தரவைப் படிக்க விடும் ஆர்சியூ முறை படிப்பவருக்குக் கிட்டத்தட்ட இலவசமாக இருப்பது அதனால்தான்.

பவருக்கும் ஒரு விசேஷம் உண்டு: இரண்டு பேர் இரண்டு வேறு வேரியபிள்களில் எழுதினால், பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற இருவர் எது முதலில் என்பதில் ஆளுக்கொரு பதில் சொல்லலாம், அவர்கள் தங்கள் லோடுகளை ஒழுங்காகவே நடத்தியிருந்தாலும். ஆர்மின் எட்டாம் பதிப்பும் முதலில் இதை அனுமதித்தது, பிறகு எந்தச் சிப்பும் இதைப் பயன்படுத்தவில்லை என்று விதியையே இறுக்கிவிட்டார்கள். நல்ல வேளை.

எக்ஸ்86-லேயே வருடக்கணக்கில் ஓடிய கோடை ஆர்முக்குக் கொண்டுபோகும்போது இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்று புரியும். விட்டுப்போன ரிலீஸ்கள், விட்டுப்போன அக்வயர்கள் எல்லாம் எக்ஸ்86-ல் இதுவரை இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தன. இந்தச் சிக்கல் எவ்வளவு பெரியது என்பதற்கு ஆப்பிளின் எம்1 (2020) ஒரு சாட்சி: எக்ஸ்86 நிரல்களை மொழிபெயர்த்து ஓட்டும் ரோசெட்டா 2-க்காக, அந்த ஆர்ம் சிப்பிலேயே எக்ஸ்86-ன் டிஎஸ்ஓ ஒழுங்கில் ஓடும் ஒரு மோடை வைத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு லோடையும் ஸ்டோரையும் ஒழுங்கு காக்கும் வகையாக மொழிபெயர்க்க வேண்டும், அவ்வளவு வேகமாக ஓடியிருக்காது.

மொழிகளைப் பற்றி. ஜாவாதான் முதலில் மெமரி மாடலை (எந்த இடமாற்றம் செல்லும், எது செல்லாது என்ற விதிகளை) மொழி விதியாகவே எழுத முயன்ற பெரிய மொழி, முதல் முயற்சி சொதப்பல். லாக் எடுக்கும் முன் ஒரு முறையும் எடுத்த பின் ஒரு முறையும் சோதிக்கும் டபுள்-செக்டு லாக்கிங் என்ற பிரபலமான உத்தி அதில் உடைந்திருந்தது: ஆப்ஜெக்டின் ரெஃபரன்ஸ் தெரிந்துவிடும், கன்ஸ்ட்ரக்டர் எழுதிய ஃபீல்டுகள் தெரியாது. 2004-ல் ஜாவா 5-ல் மாடலைத் திருத்தி எழுதி, வாலட்டைலுக்கு முறையான ஒழுங்கைக் கொடுத்தார்கள். 2011-ல் சி++ அட்டாமிக்குகளைக் கொண்டுவந்து ரிலாக்ஸ்டு (மற்ற முகவரிகளோடு எந்த ஒழுங்கும் கேட்காதது), அக்வயர், ரிலீஸ், சீக்குவென்ஷியல் என்று தேர்வு செய்ய விட்டது. ஆல்ஃபா தவிர மற்றவர்கள் மதிக்கும் சார்பு ஒழுங்குக்காகக் கன்ஸ்யூம் என்றும் ஒன்றை வைத்தது. எந்த கம்பைலரும் அதை உருப்படியாகச் செய்ய முடியாமல் அக்வயராகவே மாற்றிவிட, சி++17 அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டது. கோ மொழி எதிர்ப்பக்கம் போனது, 2022-ல் மாடலைத் திருத்தியபோது அட்டாமிக் என்றால் சீக்குவென்ஷியல், வேறு தேர்வே கிடையாது என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது, பெரும்பாலோருக்கு அதற்குமேல் தேவையில்லை.

ரிலாக்ஸ்டை எங்கே போடலாம் என்பதற்கு ரெஃபரன்ஸ் கவுண்ட் (ஓர் ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) நல்ல பாடம். கூட்டும்போது ரிலாக்ஸ்டு போதும், ஏனென்றால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு ரெஃபரன்ஸ் இருக்கிறது, எண்ணிக்கை தவறாமல் ஏறினால் போதும். குறைக்கும்போது ரிலீஸ் வேண்டும், நான் இந்த ஆப்ஜெக்டில் செய்ததெல்லாம் இதற்கு முன் முடிந்துவிட்டது என்று சொல்ல. எண்ணிக்கையை 0-வுக்குக் கொண்டுவந்தவர் அழிப்பதற்கு முன் அக்வயர் போட வேண்டும், மற்ற எல்லோருடைய அந்த ரிலீஸ்களையும் வாங்கிக்கொள்ள. இங்கே ஜோடி ஒன்றுக்கு ஒன்று இல்லை, பல ரிலீஸ்களுக்கு ஓர் அக்வயர். கடைசி அக்வயரை விட்டுவிட்டால், இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கும் மெமரியை அழித்துவிடும் வாய்ப்பு உண்டு.

இதையெல்லாம் டெஸ்ட் போட்டுப் பிடிப்பது கஷ்டம். த்ரெட்சானிடைசர் டேட்டா ரேஸ்களை (ஒரே இடத்தை இரண்டு த்ரெட்கள் ஒழுங்கில்லாமல் தொட, ஒன்றாவது எழுதுவது) பிடிக்க அருமையான கருவி, ஆனால் தனியாக நிற்கும் ஃபென்ஸ்களை, அதாவது பேரியர்களை, சரியாகப் புரிந்துகொள்ளாது, அந்த ஆப்ஷனோடு கம்பைல் செய்தால் ஜிசிசி கம்பைலரே எச்சரிக்கும். லாக்-ஃப்ரீ கோடின் மையமான நாலைந்து வரிகளை மட்டும் பிரித்தெடுத்து ஹெர்ட்7-ல் லிட்மஸ் டெஸ்டாக (இன்ன முடிவு வர முடியுமா என்று கேட்கும் குட்டி நிரலாக) எழுதிப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்தவரை நம்பகமான வழி. ஜேட் ஆல்க்லேவும் லூக் மாரங்கேயும் உருவாக்கிய கருவி அது, ஆர்ம், பவர், எக்ஸ்86, லினக்ஸ் கெர்னல் என்று ஒவ்வொன்றின் மாடலையும் கொடுத்து, நீங்கள் பயப்படும் அந்த முடிவு சாத்தியமா என்று கேட்கலாம். ஓட்டிப் பார்ப்பதில்லை, மாடல் அனுமதிக்கும் எல்லாச் சாத்தியங்களையும் தேடிப் பார்த்துச் சொல்லும். "நெவர்" என்று பதில் வந்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். பேரியர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். எடுத்ததும் பதில் "சம்டைம்ஸ்" என்று மாறினால் அந்த பேரியருக்கு வேலை இருக்கிறது. மாறவில்லையென்றால், ஒன்று அது வீண், அல்லது அது காக்க வேண்டிய இடத்தை நீங்கள் இன்னும் டெஸ்டில் எழுதவில்லை.